ஓதிய தண்ணீரும் சைக்கிள் பிரேக்கும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டு வாசலில் இருந்தேன். ஒரு தாய் தனது ஒன்பது வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனின் முழங்காலில் கட்டு, முழங்கையில் காய்ந்துபோன சிராய்ப்பு, நாடியில் புதிதாகப் போட்ட தையல். தாயின் மறு கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

"மௌலவி, ஒரு மாசத்துக்குள்ள மூணு தரம் சைக்கிளால விழுந்துட்டான். கண்ணூறுதான் எண்டு பக்கத்து ஊட்டு ராத்தா சொல்றா. கொஞ்சம் ஓதித் தாங்க" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். கண்ணூறு உண்மை என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ள விடயம். ஃபாத்திஹாவும் குல் அஊதுக்களும் ஓதி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவதில் தவறே இல்லை. ஆனால் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மகன்ட சைக்கிளையும் ஒருக்கா கொண்டு வாங்க தங்கச்சி, அதையும் பார்ப்பம்" என்றேன். சைக்கிளுக்கும் ஓதப் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார் போலும். தலையாட்டிவிட்டுப் போனார்.

மஃரிபுக்குப் பின் பையனின் மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில், வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் மீண்டும் ரோட்டுக்கு வந்தன அல்லவா? அப்படி வந்த சைக்கிள்களில் ஒன்று அது. காத்து அடித்திருந்தார்கள், செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். அத்துடன் சரி. பின்பிரேக்கை ஹெண்டிலோடு முட்டும் வரை இழுத்தாலும் பின்சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. முன்பிரேக் மட்டும் திடீரென்று கவ்வியது. ஹெண்டிலின் ஒரு பக்கப் பிடி இல்லை, வெறும் குழாய். செயின் கவரைச் சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்திருந்தார்கள். பெல் இல்லை, லைற் இல்லை. அது மூத்த காக்காவுக்கு வாங்கிய பெரிய சைக்கிள். சீற்றில் இருந்தால் இவனுடைய விரல் நுனிதான் பெடலில் படுகிறது; நிலத்தில் கால் ஊன்றவே முடியாது.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நம் பிள்ளைகள் எல்லோரும் மனனமிட்டிருக்கிறார்கள். ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் வரும் அந்த வார்த்தைகளில், நம்மால் அடக்க முடியாததை நமக்கு வசப்படுத்தித் தந்ததற்காக அல்லாஹ்வைத் துதிக்கிறோம். பிரேக் இல்லாத, கால் எட்டாத சைக்கிள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வசப்பட்டதாகுமா?

விழுவது இழிவும் அல்ல, எப்போதும் கண்ணூறும் அல்ல. நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து, வலது பக்கம் சிராய்ந்து, உட்கார்ந்த நிலையில் தொழுவித்ததை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் நாட்டம் என்பதைச் சாட்டாக எடுத்துக்கொண்டு காரணங்களைக் கைவிட மார்க்கம் இடம் தரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் குறைவாகவே சொல்லப்படும் ஒன்று அபூதாவூதில் உள்ளது: தடுப்புச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் இரவு தூங்குபவனின் விடயத்தில் பொறுப்பு நீங்கிவிட்டதாக நபியவர்கள் எச்சரித்தார்கள். விழக்கூடிய இடத்தில் தடுப்பு வைப்பது நம்மீதுள்ள கடமை.

பையனை அருகில் இருத்தி, மூன்று முறையும் எப்படி விழுந்தாய் என்று கேட்டேன்.

முதலாவது, ஒழுங்கைத் திருப்பத்தில் மணலில் சறுக்கியது. நமது கிழக்குக் கரையோர ஊர்களில் இது புதினம் அல்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த ஊரைப் பார்த்தாலும் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல கொங்கிரீட் போட்டவை. அதன்மேல் மணல் படர்ந்து கிடக்கும். மணல் கனத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், பிள்ளை இறங்கி உருட்டும். மெல்லியதாகத் தூவினாற்போல் கிடந்தால்தான் ஆபத்து. அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயப்போடும் நெல்லும் இதே வேலையைச் செய்யும். மணிகள் டயருக்குக் கீழே உருளும். சைக்கிள் நேராகப் போகும்போது விழாது. சரிந்து திரும்பும் நேரத்தில், அதுவும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போதுதான் சில்லு வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தைக் குறைப்பதானால் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், திரும்பும்போது பிரேக்கைத் தொடக்கூடாது. இதை ஒருதரம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போது நம் உடம்பின் பாரம் முன்னுக்குப் போகிறது. ஆகவே சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான். ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று இழுத்தால் பின்சில்லு தூக்கி, ஆள் ஹெண்டிலுக்கு மேலால் போய் விழுவார். பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் முதலில் தண்ணீரைத் துடைப்பதிலேயே சில சுற்றுக்கள் போய்விடும். அதன் பிறகுதான் பிடிக்கும். மழை நாளில் இரண்டு மடங்கு தூரத்துக்கு முன்பே பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் தாய்மாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சைக்கிள் ஓடத் தெரியாதவரும் பிரேக்கைச் சோதிக்கலாம். பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னுக்குத் தள்ளுங்கள். பின்சில்லு சுற்றாமல் இழுபட வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சைக்கிள் நகரவே கூடாது. இரண்டு பிடியும் ஹெண்டிலோடு முட்டாமல் நிற்க வேண்டும். பாண் வாங்கப் பிள்ளையை அனுப்புவதற்கு முன் அரை நிமிட வேலை.

பாண் என்றதும் இரண்டாவது விழுகை. பேக்கரியில் வாங்கிய பாணையும் சீனியையும் பையில் போட்டு ஹெண்டிலில் கொழுவிக்கொண்டு வந்திருக்கிறான். பை ஆடி ஆடி முன்சில்லுக் கம்பிகளுக்குள் போய்விட்டது. முன்சில்லு ஒரே நேரத்தில் நின்றால் ஓடுபவர் நிற்பதில்லை. ஹெண்டிலுக்கு மேலால் எறியப்பட்டிருக்கிறான். முழங்காலோடு போனது அல்ஹம்துலில்லாஹ். சாமானைப் பின் கெரியரில் இறுக்கிக் கட்ட வேண்டும், அல்லது முன்னால் கூடை போட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளை முதுகில் மாட்டும் பாடசாலைப் பையே போதும். ஹெண்டிலில் மட்டும் வேண்டாம்.

சில்லுக்குள் போவது பை மட்டுமா? இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. இனிச் சொல்வது பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் உரியது.

சைக்கிளில் போகும் சகோதரிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள், வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுகள், பிள்ளையைப் பின்னால் ஏற்றிச் செல்லும் தாய்மார். ஆயிஷா (ரழி) அவர்கள் முரட்டு ஒட்டகமொன்றில் ஏறி அதை அதட்டி அலைக்கழித்தபோது, மென்மையாக நடத்தும்படிதான் நபியவர்கள் சொன்னார்கள், இறங்கச் சொல்லவில்லை. ஆகவே ஓடலாமா கூடாதா என்ற பேச்சில் நான் இறங்கவில்லை. எப்படி உடுத்திக்கொண்டு ஓடுவது என்பதுதான் பேச்சு. அபாயாவின் ஓரம் செயினுக்கும் பல்சில்லுக்கும் இடையில் போனால், பெடல் மிதிக்க மிதிக்க அது உள்ளே இழுபடும். பின்சில்லுக்குள் போனால் இன்னும் மோசம். பர்தாவின் நீண்ட முனை சில்லில் அகப்பட்டால் அது கழுத்தையே இறுக்கும். செயின் கவரைக் கழற்றாதீர்கள். பின்சில்லின் இரு பக்கமும் வலை போட்டுக்கொள்ளுங்கள். அபாயாவுக்குள் சல்வார் அணிந்து, ஓரத்தை முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டியால் கட்டிக்கொண்டால் மறைக்க வேண்டியதும் மறைந்திருக்கும், ஓரமும் தொங்காது. தலைத்துணியின் முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். துணி செயினில் பிடிபட்டுவிட்டால் மிதிப்பதை உடனே நிறுத்தி, இறங்கிய பின் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள்; துணி திரும்பி வரும். பதற்றத்தில் பிடித்து இழுப்பவர்தான் விழுகிறார்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து போகும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அவர்களுடைய கணவன்மாருக்கு ஒரு ஹதீஸை ஞாபகப்படுத்துங்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவாக ஓட்டிய அன்ஜஷா என்பவரிடம், நீர் ஓட்டிச் செல்வது கண்ணாடிப் பாத்திரங்களை, மெதுவாகப் போம் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள்.

அடுத்தது கெரியரில் ஏற்றும் சின்னப் பிள்ளை. தகப்பன் மிதிக்கிறார், நான்கு வயதுப் பிள்ளை பின்னால் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறது. தூக்கம் வரும், அல்லது எதையாவது பார்த்துத் திரும்பும். குதிகால் சுற்றும் கம்பிகளுக்குள் போகும். சில்லு அந்தக் காலைச் சட்டத்தோடு வைத்து நெரித்துவிடும். இதற்கு வேகம் தேவையில்லை; ஒழுங்கைக்குள் மெதுவாகப் போகும்போதே நடக்கும். பிள்ளையின் கால் அகப்பட்டால் சில்லைப் பலாத்காரமாகத் திருப்பி எடுக்கப் பார்க்காதீர்கள். சைக்கிளை அசையாமல் பிடித்து, குறட்டால் கம்பியை வெட்டி எடுப்பதே நல்லது. காயத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கோப்பித்தூள், பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

"தோல்தான் கொஞ்சம் உரிஞ்சிருக்கு, எலும்பு முறியல்ல" என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய தவறு. நெரிபட்ட தோல் முதல் நாள் உயிருள்ளதாகவே தெரியும். சில நாட்களில் கறுத்து, பிறகு உரிந்து போகலாம். குதிகாலின் பின்னால் உள்ள பெரிய நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். எக்ஸ்றே எடுக்க வேண்டும், ஏற்பூசி போட வேண்டுமா என்று வைத்தியர் பார்க்க வேண்டும், கட்டு மாற்றப் போகச் சொன்ன நாளில் போக வேண்டும். இத்தனைக்கும் தடுப்பு மிக எளியது: கால் வைக்க மிதிபலகையுள்ள பிள்ளைச் சீற்று, பின்சில்லுக்கு மூடி, பிள்ளையின் காலில் சப்பாத்து. இவை இல்லாவிட்டால் ஏற்றாமல் உருட்டிக்கொண்டு போங்கள்.

பிடியில்லாத ஹெண்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை விழும்போது ஹெண்டில் திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்துவது உண்டு. வெளியே ஒரு வட்டமான சிவப்புத் தழும்பு மட்டும்தான் தெரியும். உள்ளே ஈரலோ, மண்ணீரலோ, குடலோ காயப்பட்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, சத்தி, முகம் வெளிறுதல் என்று வரும். "சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல" என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளையும் அப்படித்தான். சத்தி எடுத்தால், வழமைக்கு மாறாக மயங்கித் தூங்கினால், பேச்சு தடுமாறினால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தான் ஹெல்மெட் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கேற்ற சைக்கிள் ஹெல்மெட்டும் விற்கிறார்கள். புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும்போது சேர்த்து வாங்குங்கள். வளர்ந்து வருவான் என்று இரண்டு வருடத்துக்குப் பெரிய சைக்கிளாக வாங்குவதை விட்டால் அதற்குக் காசும் மிஞ்சும்.

மூன்றாவது விழுகையைச் சொல்லும்போது பையன் தாயைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

ஸுபஹுக்குப் பின் குர்ஆன் மத்ரஸாவுக்கு வரும் வழி. இன்னும் இருட்டு. எதிரே மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கிறது. வீடு கட்டுவதற்காக ஒருவர் ஒழுங்கையில் கொட்டியிருந்த கல்லுக் குவியல் தெரியவில்லை. நாடி கிழிந்தது அங்குதான்.

"ஏன் மகன் அவ்வளவு வேகமா வந்தாய்?" என்று கேட்டேன்.

"பிந்தினா நிக்க வைப்பீங்கதானே" என்றான்.

சகோதரிகளே, அந்த மத்ரஸா நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸா. பிந்தி வரும் பிள்ளைகளைக் கதவடியில் நிறுத்தி வைப்பது என்னுடைய வழக்கம். சில காலம் பிரம்பும் இருந்தது. டிசம்பர், ஜனவரியில் நம் பக்கம் ஆறு மணிக்கும் வெளிச்சம் சரியாக வராது, மழையும் அப்போதுதான். பிள்ளைகள் அந்த இருட்டில் பறந்து வந்து சேர்வதைப் பார்த்து, எவ்வளவு ஆர்வம் என்று நான் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடி வரவேண்டாம், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸை இதே பிள்ளைகளுக்கு நான்தான் மனனமிடச் செய்தேன். ஃபர்ழான தொழுகைக்கே அவசரம் வேண்டாம் என்றால், என்னுடைய பாடத்துக்கு என்ன அவசரம்? அந்தத் தாய் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து நிற்க வைப்பதை விட்டுவிட்டேன். பிந்தி வருபவர் ஸலாம் சொல்லிக் கடைசி வரிசையில் அமரலாம். பள்ளி நிர்வாகத்தினரிடம் ஒழுங்கை வெளிச்சத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். கல்லுக் கொட்டிய வீட்டுக்காரரிடம் போனேன். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்று ஜும்ஆவில் பல தடவை கேட்டவர்தான். பேரப்பிள்ளைகளும் அவ்வழியாகத்தான் ஓதப் போகிறார்கள் என்று சொன்ன பிறகே ஆட்களை வைத்து வளவுக்குள் எடுத்துப் போட்டார்.

இருட்டில் போகும் பிள்ளைக்கு முன்னால் ஒரு வெள்ளை லைற், பின்னால் ஒரு சிவப்பு லைற் அல்லது வெளிச்சம் பட்டால் மின்னும் தகடு கட்டாயம் வேண்டும். பையன்களின் வெள்ளை ஜுப்பா ஓரளவு தூரத்திலேயே தெரியும். மஃரிப் நேரத்தில் கறுப்பு அபாயாவோடு ரோட்டோரமாகச் சைக்கிளில் வரும் சகோதரி, லொறிக்காரனின் கண்ணுக்குக் கிட்ட வரும் வரை தெரியமாட்டார். பைக்கோ சைக்கிளுக்கோ மின்னும் பட்டி ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும். சைக்கிள் ஓடுபவர் வாகனங்கள் போகும் திசையில் இடது பக்கமாகவே போக வேண்டும். எதிரே வரும் வாகனத்தைப் பார்க்கலாம் என்று வலது பக்கமாகப் போகப் பழக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அது நடந்து போகிறவர்களுக்கான முறை. கூட்டமாக வரும் பையன்கள் ஒருவருக்கொருவர் ஒட்டி ஓடுவதையும் கண்டியுங்கள். பின்னால் வருபவனின் முன்சில்லு முன்னால் போகிறவனின் பின்சில்லில் பட்டால் விழுவது பின்னால் வருபவன்தான்.

புறப்படும்போது அந்தத் தாய் ஒன்று கேட்டார். நாடியில் தையல் இருக்கிறது, தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் சொன்னார், வுளூவுக்கு என்ன செய்வது என்று. இதே கேள்வியைக் கடிதம் மூலமும் ஒரு சகோதரி கேட்டிருந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, முகத்தில் தண்ணீர் படக்கூடிய மற்ற இடங்களைக் கழுவ வேண்டும், கட்டின்மேல் ஈரக்கையால் தடவ வேண்டும், கழுவ முடியாமல் போன இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். கட்டின்மேல் மண் படத் தேவையில்லை. தையல் வெட்டி ஆறியதும் வழமைபோல் கழுவலாம்.

பையனின் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போய் வந்தது. பிரேக் கட்டை, பிடி, செயின் கவர், லைற் எல்லாம் போட்டாகிவிட்டது. சீற்றை எவ்வளவு இறக்கியும் அவனுக்குக் கால் எட்டவில்லை. அதனால் சைக்கிள் காக்காவிடமே போய்விட்டது. இவன் இப்போது நடந்துதான் ஓத வருகிறான். பெரும்பாலும் பிந்தித்தான் வருகிறான்.